பதினெட்டாவது பெயர்

“திரௌபதி, இந்தப் பக்கம் ரெண்டு தண்ணி” என்று ஆர்த்தி டீச்சர் கூப்பிட்டதும், திரௌபதியின் கால்கள் அவளைக் கேட்காமலேயே சமையலறைக்குத் திரும்பின. டம்ளர்களைக் கழுவினாள். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டாள். இது பள்ளிக்கூடம் இல்லை, செங்கம் ரோட்டில் தன் சொந்த அக்காவின் வீடு என்பது அவளுக்குத் தெரியும். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பது அந்த அக்கா சந்திரகலாதான் என்பதும் தெரியும். தெரிந்தும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஏழு டீச்சர்களும் கூடத்துப் பாயில் ஒரே கத்தரிப்பூ கலர் புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக்குள்ளும் அதே புடவை. மகளிர் தினத்துக்காகக் கடையில் மொத்தமாகச் சொல்லி எடுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்ததால் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. தெருவில் போனவர்கள் ஏதோ விசேஷம் என்று எட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

டம்ளர்களைக் கொடுத்துவிட்டு, திரௌபதி அக்காவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“திரௌபதி, கொஞ்சம் தள்ளி உக்காரு. வீட்டு ஆளுங்க வந்தா எங்க உக்காருவாங்க?”

ஆர்த்தி டீச்சர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பந்தி வைக்கும்போது சொல்வதுபோல்தான் சொன்னாள். திரௌபதியும் பந்தியில் எழுந்துகொள்வதுபோலவே எழுந்து சுவரோரம் போனாள். அவள் யார் என்ற உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்காவின் கணவர் கோதண்டராமன். அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், அடிக்காத போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே வரும்போது “வந்துட்டியாம்மா” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அடி அண்ணாமலைப் பள்ளியில் திரௌபதி சத்துணவுச் சமையல் உதவியாளராகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. அவள் வாக்கப்பட்ட ஊரும் அதுதான். நான்கு வருடங்களுக்கு முன்னால் அக்கா மாறுதலில் அதே பள்ளிக்கு டீச்சராக வந்தாள். சேருவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஸ்கூல்ல என்ன டீச்சர்னே கூப்பிடு. நாளைக்கு சாப்பாட்டுல ஒண்ணு ஜாஸ்தி கம்மின்னு பேச்சு வந்தா, நான் உனக்கு சப்போர்ட்டுன்னு சொல்லிடுவாங்க.”

“சரிக்கா” என்றாள் திரௌபதி. சாப்பாடு ஒரு சாக்கு என்பது இரண்டு பேருக்குமே தெரியும். கீழ்பென்னாத்தூரில் ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள். ஒருத்தி படித்தாள், இன்னொருத்தி எட்டாவதோடு நின்று அவளுக்குச் சோறு கட்டிக்கொடுத்தாள். அந்தக் கணக்கை அக்கா மறக்கவில்லை, ஆனால் ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. திரௌபதிக்கு வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை. பழகிப்போய், தனியாக இருக்கும்போதுகூட நாக்கு டீச்சர் என்றே சொல்ல ஆரம்பித்தது.

மகளிர் தினம் என்றால் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? பெண்களே பெஞ்சு தூக்கிப் போட்டு, பெண்களே கோலம் போட்டு, பெண்களே கேசரி கிண்டி வைப்பார்கள். பெண்களின் பெருமையைப் பற்றி ஓர் ஆண் வந்து முக்கால் மணி நேரம் பேசுவார். சார்ட் பேப்பரில் ஒட்டிய பெரிய தலைவிகளின் படங்கள் சாயங்காலமே கழன்று விழும். இந்த வருடம் சந்திரகலா அதை மாற்றினாள். பழைய வருகைப் பதிவேடுகளை பீரோவிலிருந்து இறக்கி, தூசி தட்டி, இப்போது இருக்கும் டீச்சர்களை விட்டு, இந்தப் பள்ளியில் இதுவரை வேலை பார்த்த பெண்கள் அத்தனை பேரையும் தேடி எடுத்து எழுதினாள்.

“டீச்சருங்க பேரு சரி, தண்ணி எடுத்தவங்க, ஆயா, சமையல்காரங்க எல்லாம் எதுக்கு டீச்சர்?” என்று தலைமையாசிரியை எழில் கேட்டார்.

“அவங்களும் இதே பதிவேட்டுல கையெழுத்துப் போட்டவங்கதான மேடம்? கை நாட்டு வச்சவங்களும் இருக்காங்க” என்றாள் சந்திரகலா. சமையல்கூட ஜன்னல் வழியாகத் திரௌபதி கேட்டதுதான் இது.

போன மாதம் ஒருநாள் போன் செய்து, “நீ எந்தத் தேதி சேந்த?” என்று கேட்டாள். அதற்கு அடுத்த ஞாயிறு வந்தபோது திரௌபதியின் கொடியில் கிடந்த சிவப்பு ஜாக்கெட்டை அளவுக்கு என்று எடுத்துக்கொண்டு போனாள். அக்கா பழைய புடவைக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுப்பது வழக்கம்தான். திரௌபதி அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இந்த வருடம் மகளிர் தினம் ஞாயிற்றுக்கிழமை வந்ததால் விழாவை இன்று வெள்ளிக்கிழமையே வைத்தார்கள். காலை பத்து மணிக்கு அக்கா சமையல்கூடத்துக்கு வந்தாள். புதுப் புடவை. நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை.

“கொஞ்சம் ஓமத் தண்ணி குடு. தோள்ல பிடிச்ச மாதிரி இருக்கு. கேஸ்தான்.”

வேறு யாரும் இல்லாததால் திரௌபதி துணிந்து கேட்டாள். “இன்னாக்கா மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? டாக்டர்கிட்ட போலாமே.”

அக்கா ஓமத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பிறகு சிரித்தாள். சின்ன வயதில் எதையாவது முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

“இன்னும் ஒரு மணி நேரம் டீச்சர்னே கூப்பிடு” என்றாள். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்கு மைக்கில் அவள் குரல் கேட்டது. திரௌபதி கரண்டியோடு சமையல்கூட வாசலுக்கு வந்து நின்றாள். “ஒவ்வொரு பேரா கூப்பிடுவேன். அவங்க இல்ல, நீங்க இருக்கீங்க. அவங்களுக்காக நீங்க சொல்லணும்” என்று பிள்ளைகளுக்கு அக்கா சொல்லிக்கொடுத்தாள். முதல் பெயர் குப்பம்மாள், தண்ணீர் எடுத்தவர். “உள்ளேன் டீச்சர்!” என்று நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் கத்தினார்கள். இரண்டாவது மரகதவல்லி, முதல் ஆசிரியை. “உள்ளேன் டீச்சர்!” முதலில் சிரித்த பிள்ளைகள் ஐந்தாறு பெயருக்குப் பிறகு சிரிப்பை விட்டுவிட்டார்கள். டீச்சர்களும் பேச்சை நிறுத்தினார்கள். திரௌபதி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். சேர்ந்த தேதி வரிசை என்றால் தன் பெயரும் வரும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அது அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

பதினேழு பெயர்கள் வந்தன. பதினேழாவதுக்குப் பிள்ளைகள் கத்தி முடித்ததும் அக்கா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். மைதானத்தைத் தாண்டி, நேராகச் சமையல்கூட வாசலைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். தாள் கையிலிருந்து நழுவியது. மைக்கோடு சேர்ந்து விழுந்தாள்.

திரௌபதி ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள். “டீச்சர்!”

அதைத்தான் அவளால் இப்போதும் விழுங்க முடியவில்லை. அக்கா என்று வரவில்லை. கூடப் பிறந்தவள் கீழே கிடக்கிறாள், வாயிலிருந்து டீச்சர் என்று வருகிறது. ஆம்புலன்ஸ் வந்ததும் தலைமையாசிரியையும் ஆர்த்தி டீச்சரும் ஏறினார்கள். திரௌபதி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

“நீ எங்க? உள்ள இடம் இல்ல. அடுப்பு எரியுது பாரு, பசங்களுக்குச் சாப்பாட்டு நேரம்” என்றார் தலைமையாசிரியை.

என் அக்கா என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். திரௌபதி காலை எடுத்துக்கொண்டாள். திரும்பிப் போய் முட்டை உரித்தாள். நூற்றுப் பன்னிரண்டு தட்டுகளுக்கும் சாதம் போட்டு, தட்டுக்கு ஒரு முட்டை வைத்தாள். பாதிப் பந்தியில் சமையலர் வந்து காதோடு சொன்னாள், “சந்திரகலா டீச்சர் போயிட்டாங்களாம்.” அடுத்த தட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு முட்டை வைத்தாள். அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் ஷேர் ஆட்டோவுக்கு வந்து நின்றாள். மாமாவின் எட்டு மிஸ்டு கால்களை அப்போதுதான் பார்த்தாள்.

அக்கா மகள் கவிநிலா வேலூரிலிருந்து வந்து சேர்ந்தபோது மணி நாலரை. பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். பெட்டியிடம் போகவில்லை. சுவரோரம் இருந்த திரௌபதியின் மேல் போய் விழுந்தாள்.

“சித்தி! எப்படி சித்தி? நீ கூடத்தான இருந்த? நீ இருந்தும் எப்படி சித்தி விட்ட?”

தலைமையாசிரியை எழில் மெதுவாகக் கேட்டார், “சித்தியா?”

“அம்மாவோட சொந்தத் தங்கச்சி மேடம். ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

ஆர்த்தி டீச்சர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். திரௌபதி கொண்டுவந்து கொடுத்த டம்ளர் அது. அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். மற்ற டீச்சர்கள் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்திருந்த சந்திரகலாவின் ஸ்கூட்டியை அங்கிருந்து அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தாள். சீட்டைத் தூக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு ஜவுளிக்கடைக் கவர்.

“பதினெட்டாவது பேரு படிக்கிறப்ப இதை மேடைக்கு எடுத்துட்டு வான்னு காலையில சொன்னாங்க. யாருக்கு டீச்சர்னு கேட்டேன். அப்ப தெரிஞ்சுக்கோன்னாங்க.” கவரைத் திரௌபதியிடம் நீட்டினாள்.

கவருக்குள் கத்தரிப்பூ கலர் புடவை இருந்தது. அதன்மேல் தைத்த ஜாக்கெட். அடியில், திரௌபதியின் சாயம் போன சிவப்பு அளவு ஜாக்கெட்.

தலைமையாசிரியை கைப்பையைத் திறந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். “கீழ விழுந்துச்சின்னு எடுத்து வச்சேன். நான் படிக்கல” என்று கவிநிலாவிடம் கொடுத்தார். கவிநிலா கடைசி வரி வரை கண்ணை ஓட்டினாள். தாளைச் சித்தியிடம் நீட்டினாள்.

அக்காவின் குண்டு குண்டான கையெழுத்து. ‘18. திரௌபதி. சமையல் உதவியாளர். என் தங்கை.’ பக்கத்தில், நோட்டுத் திருத்துகிற சிவப்பு மையில் தனக்குத்தானே எழுதிவைத்திருந்தாள்: ‘அழக் கூடாது.’

திரௌபதி அதை இரண்டு முறை படித்தாள். இன்னும் ஒரு மணி நேரம் என்றாளே, அது இதுதானா? நான்கு வருடம் பொறுத்த உயிருக்கு ஒரு வரி பொறுக்க முடியாமல் போயிற்றே! அக்கா என்று கத்தியிருந்தால் கடைசியாக அவள் காதில் அதுவாவது விழுந்திருக்கும்.

“மாத்திக்க சித்தி. மேலெல்லாம் மசாலா” என்றாள் கவிநிலா.

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றிக்கொண்டாள். ஜாக்கெட் கைப்பக்கம், கழுத்துப்பக்கம் எங்கேயும் இழுக்கவில்லை. பழைய புடவையையும் சிவப்பு ஜாக்கெட்டையும் ஒன்றாக மடித்துக் கவரில் வைத்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

ஏழு டீச்சர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார். அந்த இடத்தில் திரௌபதி உட்கார்ந்தாள். இந்த முறை யாரும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை.

ஆர்த்தி டீச்சர் சமையலறைக்குப் போனாள். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது. திரௌபதிக்கு எழுந்துபோய் எடுத்துக்கொடுக்கக் கால் பரபரத்தது. அடக்கிக்கொண்டாள். ஆர்த்தி வந்து, குனிந்து, டம்ளரை நீட்டினாள்.

“குடிங்க.”

திரௌபதி வாங்கிக்கொண்டாள். விளிம்பு வரை ஊற்றியிருந்தாள், பழக்கமில்லாத பெண். குடிக்கத் தோன்றவில்லை. புதுப் புடவையில் சிந்திவிடப் போகிறதே என்று, டம்ளரை இரண்டு கைகளாலும் ஆடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.