முப்பத்தொன்றாம் தேதிக் குட்டி

குதிரைகள் பொதுவாகப் பகலில் குட்டி போடுவதில்லை. ஆள் அரவம் அடங்க வேண்டும், விளக்கு அணைய வேண்டும், காவலுக்கு இருப்பவன் காபி குடிக்க எழுந்து போக வேண்டும். அப்போதுதான் படுக்கும். அப்படிப்பட்ட சாதியில் பிறந்த ஜூனிபர், டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலு மணிக்கு, ஜன்னலில் வெயில் இருக்கும்போதே லாயத்து வைக்கோலில் சாய்ந்து கிடந்தது. லெட்டி ஹாலக் ஓடிவந்து சேர்ந்தபோது குட்டியின் முன்னங்கால்கள் வெளியே வந்துவிட்டிருந்தன. அன்று இரவு விருந்துக்கு ஊரிலிருந்த பெரிய பண்ணைக்காரர்கள் எல்லோரும் வருவதாக இருந்தது. அதனால் லெட்டியின் தலை நிறையச் சுருட்டைக் கிளிப்புகள், உடம்பில் பட்டு அங்கி, காலில் சேறு படிந்த ரப்பர் பூட்ஸ்.

"உள்ள தள்ளு, ஏமஸ்," என்றாள்.

ஏமஸ் டட்டில் அவளுடைய பண்ணை மேலாளர். முப்பது வருடமாக அவளிடம் திட்டு வாங்கித் தடித்துப்போன தோல் அவருக்கு. முழங்கை வரை நனைந்திருந்த அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது என்ன மேசை டிராயரா மிஸ் லெட்டி, தள்ளினா உள்ள போக? பேசாம வந்து தலையப் பிடிங்க."

லெட்டி வைக்கோலில் மண்டியிட்டு ஜூனிபரின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். எழுபத்திரண்டு வயது முழங்கால்கள் மடங்க மறுத்தன, அவள் மடக்கினாள். அதிக நேரம் ஆகவில்லை. கறுப்பும் பழுப்புமாக, நெற்றியில் கட்டைவிரல் வைத்தாற்போல ஒரு வெள்ளைப் பொட்டோடு, ஈரமாக வந்து விழுந்தது குட்டி. ஆண். சிறியதுதான், ஆனால் குறை ஒன்றுமில்லை. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையைத் தூக்கி இது யார் வீடு என்று கேட்பதுபோல ஒரு பார்வை பார்த்தது. லெட்டியின் நெஞ்சு நிறைந்தது, அடுத்த நொடியே தேதி மறுபடி நினைவுக்கு வந்தது.

பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஒரே பிறந்தநாள்தான், ஜனவரி ஒன்று. ஜனவரியில் பிறந்தாலும் மே மாதம் பிறந்தாலும், வருடம் திரும்பிய அன்று எல்லாவற்றுக்கும் ஒரு வயது கூடிவிடும். அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். அப்படியானால் முப்பத்தொன்றாம் தேதி பிறந்த குட்டிக்கு? விடிந்தால் ஒரு வயது. நேற்றுப் பிறந்ததைக் கொண்டுபோய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைப்பது மாதிரி. தன்னைவிட ஏறத்தாழ ஒரு வருடம் மூத்த குதிரைகளோடுதான் அது ஆயுள் முழுக்க ஓடியாக வேண்டும். டெர்பி பந்தயம் மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அங்கே இது பாதி வளர்ந்த பயலாக நிற்கும். லெட்டியின் குதிரைகள் அந்தப் பந்தயத்தில் இரண்டு முறை இரண்டாவதாக வந்திருக்கின்றன. முதலாவதாக வந்ததில்லை.

பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது. பிப்ரவரி பாதி தாண்டும் வரை எந்தப் பண்ணையிலும் பெண்குதிரையைப் பொலிக்குதிரையிடம் விடமாட்டார்கள். பதினோரு மாதக் கணக்கில் குட்டி வருடக் கடைசிக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடக்கூடாதே என்ற பயம்தான். லெட்டி பிப்ரவரி பிறந்த கையோடு விட்டாள். ஜூனிபர் ஒவ்வொரு முறையும் நாள் கடத்தித்தான் போடும், ஆகையால் இந்தக் குட்டி சரியாக ஜனவரி முதல் வாரத்தில் வரும், தன் வயதுக் குட்டிகளிலேயே மூத்ததாக, எலும்பும் தசையும் முற்றியதாக டெர்பிக்குப் போய் நிற்கும் என்பது அவள் போட்ட கணக்கு. ஏமஸ் முனகினார். "என் குதிரை, என் பொலிக்குதிரை, உனக்கென்ன?" என்று அவர் வாயை அடைத்தாள். அந்தப் பொலிக்குதிரை கமடோர் ஆகஸ்டு மாதம் வயிற்றுவலி வந்து செத்தது. ஜூனிபருக்கும் இனிமேல் குட்டி இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நாற்பது வருடமாக ரத்தம் பார்த்து, கால் பார்த்து, குணம் பார்த்து அவள் சேர்த்துக் கட்டிய இரண்டு வம்சங்களும் வந்து முடிந்த இடம் இந்த ஈரக்குட்டிதான்.

ஏமஸ் கையைத் துடைத்துக்கொண்டே கதவைச் சாத்தினார். "கடிகாரத்த யாரு பாத்தா? நானும் நீங்களும்தான் இருக்கோம். காலைல ரெண்டு மணிக்குப் பொறந்தான். அவ்வளவுதான் விஷயம்."

"பொறந்தவன் ராத்திரி பூரா கத்துவானே."

"பொறந்த புள்ளைங்க கத்தத்தான் செய்யும். யாரு வந்து கேக்கப்போறா?"

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஹார்லன் க்ரூ தோளில் ஒரு பன்றித்தொடையைச் சாக்கோடு சுமந்துகொண்டு நின்றார். வேலிக்கு அந்தப்பக்கத்துப் பண்ணை அவருடையது. தன் புகையறையில் தானே புகைபோட்டுப் பதப்படுத்திய தொடையை வருடா வருடம் விருந்துக்குக் கொண்டுவருவார். வீட்டில் வேலைக்காரி கைகாட்டியிருக்க வேண்டும். அவர் குட்டியைப் பார்த்தார். மேற்கு ஜன்னலில் இருந்த வெயிலைப் பார்த்தார். பிறகு லெட்டியின் தலையிலிருந்த கிளிப்புகளைப் பார்த்தார்.

யார் கண்ணில் படக்கூடாதோ அவர் கண்ணிலேயே பட்டாயிற்று. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், இதே தேதியில், ஹார்லனின் லாயத்தில் இதேமாதிரி ஒரு ஈரக்குட்டியை லெட்டி பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் விருந்து அவர் வீட்டில்தான். அந்தக் குட்டி ஜனவரியில் பிறந்ததாக அவர் எழுதிக்கொடுத்தார். லெட்டி ஒன்றும் சொல்லவில்லை. அது இரண்டு வயதில் அவளுடைய குதிரையைக் கழுத்தளவில் முந்தி ஜெயித்த மறுநாள், பந்தயக் கழகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தக் குதிரை பிறகு ஓடவே இல்லை. விருந்தும் இடம் மாறி லெட்டியின் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஹார்லன் சாக்கை இறக்கி வைத்தார். "ஜூனிபர் இன்னும் போடலை போல இருக்கே," என்றார்.

"கண்ணு தெரியலையா உனக்கு?"

"எனக்குத் தெரியுது, ஜூனிபர் இன்னும் போடலைன்னு. நாளைக்குக் காலைல வந்து பாக்கறேன்." கதவருகே போனவர் நின்றார். "நீ ரெண்டு வருஷம் வாயத் திறக்கலை லெட்டி. நான் சாகற வரைக்கும் திறக்க மாட்டேன். பயப்படாத."

அதில் கேலி இருந்ததா, பெருந்தன்மை இருந்ததா என்று லெட்டிக்குப் பிடிபடவில்லை. கேலியாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

மாடிக்குப் போய் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சின்சினாட்டியில் சோப்பு விற்றுப் பணக்காரரானவர் அவள் அப்பா. கல்யாணம் முறிந்து, அப்பாவின் பணத்தோடு இந்த ஊருக்கு வந்து அவள் பண்ணை வாங்கியபோது, "சோப்புக்காரன் பொண்ணு குதிரையக் குளிப்பாட்டத்தான் லாயக்கு" என்று ஏலக்கூடத்தில் அவள் காதுபடவே சிரித்தார்கள். சிரித்தவர்களெல்லாம் பிறகு அவளுடைய குட்டிகளுக்கு வரிசையில் நின்று விலை கேட்டார்கள். அவளுக்கு யாரும் எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. டெர்பி மட்டும்தான் பாக்கி. அதுவும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்கு விலை, சும்மா இருப்பது. அவ்வளவுதான். அவள் சும்மா இருந்தால் ஏமஸ் சும்மா இருப்பார், ஹார்லன் சும்மா இருப்பார்.

ஹார்லனின் குதிரையைப் பற்றி அன்று போய்ச் சொன்னது நியாயத்துக்காகவா, தோற்ற வயிற்றெரிச்சலுக்காகவா? இரண்டும்தான். எரிச்சல் இருந்ததால் நியாயம் பொய்யாகிவிடாது என்று அன்றே முடிவு கட்டியிருந்தாள், இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த நியாயம் இன்றைக்கு வீட்டுப்படி ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைவிடவும் ஒன்று உறுத்தியது. இனி மே மாத டெர்பியில் அந்தக் குட்டி ஜெயித்தாலும், வேலிக்கு அந்தப்பக்கம் ஹார்லன் வாயை மூடிக்கொண்டு நிற்பார். அவர் தயவில் ஒரு வெற்றி! கண்ணாடியைப் பார்த்தபடியே லெட்டிக்கு அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதாள். பிறகு முகம் கழுவி, அம்மாவின் முத்துமாலையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

விருந்து தடபுடலாக நடந்தது. ஹார்லனின் தொடைக்கறி காகிதம்போல மெல்லிசாகச் சீவப்பட்டுச் சின்னச் சின்ன ரொட்டிகளுக்குள் போனது. கறி தீர்ந்து கோப்பைகள் நிறைந்ததும் வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்றார்கள். சினைக்குதிரைகளுக்காகக் கோப்பையை உயர்த்துவது அந்த வீட்டுச் சம்பிரதாயம். வருடா வருடம் லெட்டி சொல்வது ஒரே வாசகம்: "பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் பொறுத்துக்குங்க, பொண்ணுங்களா!" சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டுக் குடிப்பார்கள். அந்த ஊரில் அது பழைய நகைச்சுவை, அதே சமயம் பிரார்த்தனை.

கோப்பைகள் உயர்ந்தன. சுவரோரமாக நின்ற ஏமஸ் அவளைப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்த்தார். மேசையின் அந்தக் கோடியில் ஹார்லன், மற்றவர்களைப் போலவே கோப்பையைத் தூக்கி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் காத்திருந்தார்.

"பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் பொறுத்துக்குங்க, பொண்ணுங்களா," என்றாள் லெட்டி. சிரிப்பு கிளம்பியது. அவள் கையைக் காட்டி அதை நிறுத்தினாள். "ஒருத்தி பொறுக்கலை. ஜூனிபர் இன்னிக்கு நாலு மணிக்குப் போட்டுட்டா. ஆம்பளப் புள்ள. தாயும் சேயும் நல்லா இருக்காங்க. விடிஞ்சா அவனுக்கு ஒரு வயசு."

அது கமடோரின் கடைசிக் குட்டி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒரு பெண்மணி, "ஐயோ, பாவமே," என்றாள், செத்த வீட்டில் சொல்வது மாதிரி.

"என்ன பாவம்? உயிரோடதான இருக்கான்?" என்றாள் லெட்டி. "குடிங்க. நல்ல சரக்கு, சூடாயிடப் போகுது."

குடித்தார்கள். ஹார்லன் மட்டும் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். கூட்டம் கலைந்து கோட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவளருகே வந்தார்.

"டெர்பி போச்சே லெட்டி."

"போச்சு."

"நான்தான் சொன்னேனே, வாயத் திறக்க மாட்டேன்னு."

"அதனாலதான் நான் திறந்தேன்." சட்டென்று கேட்டாள்: "உன் குதிரைய அப்புறம் என்ன பண்ணின?"

இந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்குப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஹார்லன் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டார். "என் பேத்திக்குக் குடுத்துட்டேன். வேலி தாண்டறதுக்குப் பழக்கினா. தாண்டறதுன்னா அவனுக்கு உசுரு. இப்பவும் மேய்ச்சல்ல நிக்கறான், பெரிய மனுஷன் மாதிரி." படி இறங்கியவர் திரும்பினார். "அன்னிக்கு உன்னைக் கொன்னு போடலாம்னு இருந்துச்சு எனக்கு."

"தெரியும். நாளைக்குக் காராமணி சமைக்கிறாங்க. வந்துடு."

புத்தாண்டுக் காலையில் பனி பெய்து புல்வெளியெல்லாம் வெளுத்திருந்தது. அந்த ஊரில் வருடத்தின் முதல் வேளைக்குக் காராமணியும் சோள ரொட்டியும் சாப்பிட்டாக வேண்டும், அதிர்ஷ்டத்துக்கு. ஹார்லன் வந்தபோது லெட்டி ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு லாயத்து வாசலில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே குட்டி தாயின் மடியைத் தவறான பக்கத்தில் தேடி, முட்டி, பிறகு சரியான பக்கம் கண்டுபிடித்து வாலை ஆட்டியது.

"எப்ப ஓடவிடப் போற?" என்று கேட்டார் ஹார்லன்.

"அவசரமில்லை. ரெண்டு வயசு, மூணு வயசுப் பந்தயமெல்லாம் அவனுக்கு வேண்டாம். மேயட்டும். அஞ்சு வயசுக் குதிரைங்களோட ஓடறப்ப ஒரு வருஷ வித்தியாசம் பெரிசாத் தெரியாது. அப்ப இறக்கறேன், பெரிய குதிரைங்க ஓடற பெரிய பந்தயமாப் பாத்து."

"அப்ப உனக்கு எழுபத்தாறு."

"உனக்கு எழுபத்தெட்டு. கைத்தடியோட வா, பக்கத்துல எடம் போட்டு வைக்கறேன்." வாழ்நாளில் எதற்கும் காத்திருந்து பழக்கமில்லாதவள் அவள். பொறுமையைப் பற்றித் தன் வாயாலேயே இப்படிப் பேசுவது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக இருந்தாலும் நம்பித்தான் சொன்னாள்.

ஹார்லன் கோட்டுப் பையிலிருந்து தலையில் மாட்டும் தோல்வார் ஒன்றை எடுத்தார். ஒரு வயதுக் குதிரைக்கான அளவு. எண்ணெய் போட்டுத் துடைத்த பழைய தோல், பித்தளை வளையம் பளபளத்தது. "ஒரு வயசுக்காரனுக்குப் பொறந்தநாள் பரிசு," என்றார். அது எந்தக் குதிரையின் தலையில் இருந்தது என்று லெட்டி கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

"ஏமஸ், மாட்டு," என்றாள்.

"மிஸ் லெட்டி, இதுக்குள்ள இவன மாதிரி ரெண்டு பேரு நுழையலாம்."

"மாட்டுன்னு சொன்னேன்."

ஏமஸ் குட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு வாரைத் தலைவழியாகப் போட்டார். அது மூக்கில் நிற்கவில்லை, காதில் நிற்கவில்லை, நேராகச் சரிந்து தோள்பட்டைக்குப் போய் மாலைபோலத் தொங்கியது. குட்டி ஒரு தும்மல் போட்டது. பிறகு வளையம் நெஞ்சில் இடிக்க இடிக்க, நான்கு கால்களும் நான்கு பக்கம் போக, திறந்திருந்த கதவில் தெரிந்த பனியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.