சமயபுரத்தில் நிற்கும் கார்

ராஜராஜனின் கார் திருச்சிக்குள் போனதே கிடையாது. பெரம்பலூரில் கிளம்பி நாலுவழிச் சாலையில் ஜம்மென்று போகும். சமயபுரம் வந்ததும் கோயில் பக்கமாக ஒதுங்கி நின்றுவிடும். அங்கே காரைப் போட்டுப் பூட்டிவிட்டு, மனைவி நர்மதாவோடு பஸ் ஏறி ஊருக்குள் போவதுதான் அவர் வழக்கம். "உள்ள பார்க்கிங் கெடைக்காது" என்பார். துணிக்கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் கல்யாணமானாலும் இதே பாட்டுதான். கை நிறையப் பைகளோடு பஸ்ஸில் இடிபட்டுத் திரும்பி வரும் நர்மதா, ஏன் இப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததால் அவளுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் இலங்கை முழுக்கத் தானே கார் ஓட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவருக்குப் பெரம்பலூரில் மோட்டார் பம்பு விற்கிற கடை. நர்மதா அரசுப் பள்ளியில் சரித்திர டீச்சர். கங்கைகொண்டசோழபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, அந்தக் கோயில் புல்தரையில் விளையாடி வளர்ந்தவள். சோழர்கள் கடலைத் தாண்டிப் போய் பொலன்னறுவையில் கட்டிய சிவன் கோயிலை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அப்படியே திருக்கேதீஸ்வரம், திருக்கோணமலை. முன்பு ஒரு தடவை ஹம்பிக்கு டூர் பஸ்ஸில் போனபோது, ஒரு தூணில் என்ன செதுக்கியிருக்கிறது என்று அவள் குனிந்து பார்ப்பதற்குள் கைடு விசில் ஊதிவிட்டான். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் ராஜராஜன் சொன்னார், இலங்கைக்கு நாமே போவோம், அங்கே வாடகைக்குக் கார் எடுத்து நானே ஓட்டுகிறேன், ஒரு தூணுக்கு ஒரு நாள் என்றாலும் நின்று பார் என்று. சொன்னதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் வாக்கைத் திரும்ப வாங்க முடியுமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சிந்து அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மே மாத விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமான டிக்கெட் போட்டாள். நர்மதா சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, எந்த ஊரில் தங்குவது, எங்கே விடியற்காலையில் போனால் வெயில் இருக்காது என்று பென்சிலால் கோடு போட ஆரம்பித்தாள். விஷயம் கடைத்தெருவில் பரவியது. பக்கத்து உரக்கடைக்காரர், அந்த ராஜராஜன் கப்பல் படையோடு போனார், நம்ம ராஜராஜன் வாடகைக் காரோடு போகிறார் என்று கேலி பேசினார். செல்ஃப் டிரைவ் என்று கேள்விப்பட்டு, வாடகை வண்டியில் செல்ஃப் ஒழுங்காக எடுக்குமா, தள்ளி விட ஆள் வேண்டுமா என்று விசாரித்தார் இன்னொருவர். ராஜராஜனும் கூடவே சிரித்தார். உள்ளுக்குள், கொழும்பில் காரை எங்கே ஓரங்கட்டிவிட்டு பஸ் ஏறுவது என்று தேடிக்கொண்டிருந்தார்.

தேடாமல் என்ன செய்வார்? குன்னத்துக்கும் வேப்பந்தட்டைக்கும் பம்பு மாட்டப் போய்வருகிற சாலைகள் அவருக்குப் பழக்கம். நாலு பக்கமும் வண்டி வருகிற இடம் என்றால் எந்தக் கண்ணாடியைப் பார்ப்பது என்று தெரியாது.

அது போதாதென்று இன்னொரு இடி வந்தது. வாடகைக் கார்க்காரர்கள் கேட்கிறார்கள், லைசென்ஸைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று சிந்து போனில் சொன்னாள். பர்ஸிலிருந்து எடுத்துப் பார்த்தார். அதில் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் இருந்தது. இளவட்டமாக இருந்தபோது எடுத்தது. காருக்கும் சேர்த்துப் போடவா என்று அன்றைக்கே கேட்டார்கள். கார் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தவர், கார் வாங்கியபோது சுத்தமாக மறந்துபோனார். வழியில் யாரும் மறித்துக் கேட்கவுமில்லை.

கார் லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாமல் கார் இல்லை. கார் இல்லையென்றால் நர்மதாவுக்கு மறுபடியும் விசில்தான். அதோடு, இத்தனை காலம் லைசென்ஸ் இல்லாமலா என்னை உட்கார வைத்து ஓட்டினீர்கள் என்று அவள் கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மகளிடம் சொல்லிப் போனை வைத்தார். அன்றிலிருந்து காரைத் தொடவில்லை. பேட்டரி சரியில்லை என்று வீட்டில் ஒரு பொய்.

ஒரே ஒரு நல்ல காலம், ஆதாரில் இருந்தது உடையார்பாளையத்துப் பூர்வீக வீட்டு விலாசம். அது அரியலூர் மாவட்டம் என்பதால் அரியலூரில் போய் விண்ணப்பிக்கலாம். பெரம்பலூரில் தெருவுக்குத் தெரு வாடிக்கையாளர்கள். அரியலூரில் அவரை யாருக்குத் தெரியப்போகிறது? அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அரியலூரில் மதுரைவீரன் என்பவர் டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பம்பு வாங்குகிறவர்களைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ராஜராஜன் பஸ் ஏறி அங்கே போனார். எல் போர்டு மாட்டிய காரில், ஐம்பது வயதுக்கு மேல், முதல் பாடம். மதுரைவீரன் அவரைப் படாத பாடு படுத்தினார். ஜன்னலில் முழங்கையை வைத்தால், "சார், கைய உள்ள எடுங்க" என்பார். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் தலையில் அடித்துக்கொள்வார். புதுசாகப் பழகுகிறவர்களைவிடப் பழகிக் கெட்டவர்களைத் திருத்துவதுதான் கஷ்டம் என்று அடிக்கடி அலுத்துக்கொள்வார்.

ராஜராஜனுக்கு அதைவிட எரிச்சல் தந்தது சீட்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் ஏறும்போது டிரைவர் சீட்டு ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் இழுக்கப்பட்டிருக்கும். காலை நீட்ட இடமில்லாமல் திண்டாடி, கடகடவென்று பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. யார் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, முந்தின நாள் கடைசி வகுப்பு ஒரு டீச்சரம்மாவுடையது, கொஞ்சம் குள்ளம், ஆனால் உங்களைவிட நன்றாக ஓட்டுவார் என்றார் மதுரைவீரன். அந்த முகம் தெரியாத டீச்சரம்மாவின்மேல் அவருக்குப் பொறாமையே வந்துவிட்டது.

டெஸ்ட் நாள் வந்தது. நர்மதா எப்போதும் போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிப் போனாள். அப்பாடா என்று ராஜராஜன் அரியலூர் பஸ்ஸைப் பிடித்தார்.

மைதானத்தில் நல்ல வெயில். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார, பின் சீட்டில் மதுரைவீரன். ராஜராஜன் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு, வண்டியைக் கிளப்பி, வளைத்துக் கொண்டுவந்தார். கொஞ்ச தூரம் போனதும் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் முழங்கை தானாக ஜன்னலுக்குப் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரொம்ப நாளாக ஓட்டுகிறீர்களோ என்று சாதாரணமாகக் கேட்டார்.

"இருபது வருஷமா ஓட்டுறேன் சார்" என்றார் ராஜராஜன், பெருமையாக.

பின் சீட்டில் மதுரைவீரன் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. அப்புறம்தான் ராஜராஜனுக்குத் தான் என்ன உளறினோம் என்று புரிந்தது. இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இன்னும் சீட் பெல்ட்டே போடவில்லை என்பதைக் காட்டினார். இனி லைசென்ஸ் வாங்குகிற வரைக்கும் ரோட்டில் காரை எடுக்கக்கூடாது என்று கண்டித்து, அடுத்த முறை வரச் சொல்லி இறக்கிவிட்டார்.

எல்லாம் போயிற்று. கார் போயிற்று, பொலன்னறுவை போயிற்று. வீட்டுக்குப் போய் நர்மதாவிடம் எந்த வாயால் சொல்வது? கண் கலங்க அவர் நாலடி நடந்திருப்பார். பின்னால் சீட்டைக் கடகடவென்று முன்னால் இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்கு அத்துப்படி. டீச்சரம்மா! இந்த வயிற்றெரிச்சலில் அந்த அம்மாளையாவது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவோம் என்று திரும்பினார்.

டிரைவர் சீட்டில் நர்மதா உட்கார்ந்திருந்தாள்.

வெயிலுக்கு முக்காடு போட்டு மற்றப் பெண்களோடு நின்றிருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. அவள்தான் அவரை முதலிலேயே பார்த்துவிட்டு, எங்கே ஒளிவது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். இப்போது அவரைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்துவிட்டு, பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வண்டியை எடுத்தாள். வளைவில் அலுங்காமல் திரும்பினாள். ரிவர்ஸ் எடுத்தபோது, கடவுளே தேற வேண்டும் என்று ராஜராஜன் வாய்விட்டு வேண்டிக்கொண்டார். வண்டி கோட்டுக்குள் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் சரியென்று தலையாட்டினார். ராஜராஜன் ஒரு வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகிற சாலையில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், பழைய லைசென்ஸ், பேட்டரிப் பொய், இருபது வருஷப் பெருமை, ஒன்று விடாமல். நர்மதாவும் சொன்னாள். அவள் ஆதாரிலும் அதே உடையார்பாளையத்து விலாசம்தான். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிப் போனதெல்லாம் இந்த கிளாஸ்தானாம்.

"எதுக்கு நர்மதா எங்கிட்ட மறைச்ச?"

"சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க. சமயபுரத்துல காரைப் போட்டுட்டு பஸ் ஏறுறவரு, கொழும்புல எறங்கி என்ன பண்ணுவீங்க? எந்த பஸ்ல ஏறுவீங்க?"

ராஜராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"பயமா இருந்துச்சு நர்மதா. உன் மூஞ்சியப் பாத்துட்டு, என்னால ஆகாதுன்னு சொல்ல முடியல."

"எனக்குத் தெரியாதாங்க?" என்று அவள் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். எலுமிச்சம்பழ சாதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதவர், டப்பாவை வழித்துச் சாப்பிட்டார். நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எங்கே போனதென்று தெரியவில்லை.

தபாலில் நர்மதாவின் லைசென்ஸ் வந்தது, அதைக் காட்டி வெளிநாட்டு அனுமதியும் வாங்கியாயிற்று. டிரைவர் பெயரை அம்மாவுக்கு மாற்றிவிட்டேன், அப்பாவுக்கு வருத்தமில்லையே என்று சிந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள். வரைபடம் பார்த்து வழி சொல்கிற வேலை தன்னுடையது, அதை யாருக்கும் விட்டுத்தர முடியாது என்று ராஜராஜன் கறாராகச் சொல்லிவிட்டார். கடை வேலைக்குக் குன்னம் போவதென்றால் இப்போதெல்லாம் மோட்டார் சைக்கிள்தான். அடுத்த டெஸ்டுக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்.

பயணத்துக்குப் பெட்டி வாங்கத் திருச்சிக்குக் கிளம்பினார்கள். நர்மதா வருவதற்கு முன்னால் ராஜராஜன் காரைத் திறந்து, டிரைவர் சீட்டைக் கடகடவென்று முன்னால் இழுத்து வைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். சிறுவாச்சூர் போனது, பாடாலூர் போனது. சமயபுரம் நெருங்கியதும் அவர் கை தானாகக் கோயில் பக்கம் காட்டியது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. கோபுரம் பின்னால் போய்விட்டது. இனி நாலு பக்கமும் வண்டி வரும், வரட்டும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அந்த நினைப்பிலேயே அவருக்குக் கண் சொக்கியது. கொள்ளிடம் பாலம் வந்ததுகூடத் தெரியாமல் தூங்கிப்போனார்.

"எந்திரிங்க, வந்தாச்சு" என்று நர்மதா தோளைத் தட்டினாள்.

கண்ணைத் திறந்தார். எதிரே தில்லைநகரில் சூட்கேஸ் விற்கிற கடை. படியை ஒட்டிக் கார் நின்றது.

"பார்க்கிங் கெடைச்சுதா?" என்றார் அரைத் தூக்கத்தில்.

"எப்பவும் கெடைக்கும்ங்க" என்று சொல்லி, நர்மதா சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.