இருபத்தைந்தரை

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யில் தொடங்கியது. அந்தப் பொய்யை மறைக்கத்தான் கதையாக்க நினைத்தேன்.

முதல் வரைவு இப்படி இருந்தது: ‘வேட்டைக்காரர் வில்லை எடுத்தபோது காட்டில் பனி…’

[பனி இல்லை. காடும் இல்லை. நடந்தது அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில்.]

2

அண்ணனின் வில்லில் ‘28 அங்குலத்தில் 45 பவுண்டு’ என்று எழுதியிருக்கிறது. நாணை இருபத்தெட்டு அங்குலம் இழுத்தால்தான் அந்த நாற்பத்தைந்து. ஓர் அங்குலம் குறைந்தால் விசையில் இரண்டரை பவுண்டு போய்விடும். இந்த நாட்டில் மான் வேட்டைக்குச் சட்டப்படியே குறைந்தது நாற்பது பவுண்டு வேண்டும்.*

* இந்தப் பத்தி கதைக்கு அழகில்லை. இது இல்லாமல் கதையும் இல்லை.

3

அண்ணனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். அங்குலக் கோடுகள் போட்ட அம்பைப் பொருத்தி, அண்ணன் வாயோரம்வரை இழுத்தார். வில்லைத் தொடும் கோட்டைப் படிக்க நான் பக்கத்தில் நின்றேன்.

“போதும், இறக்குங்க,” என்றார் அண்ணி.

“நீ சும்மா இரு. எழுத்தாளரே, எவ்வளவு? கண்ணாடி வேணுமா?”

இருபத்தைந்தரை. கோடு அதைத்தான் காட்டியது.

“இருபத்தெட்டு,” என்றேன்.

“பாத்தியா! அந்த டாக்டர் என்னைப் பேரனைக்கூடத் தூக்கக் கூடாதுன்னாரு.”

“அவனே நாப்பது பவுண்டு இருப்பான். முதல்ல அவனைத் தூக்கிக் காட்டுங்க,” என்றார் அண்ணி.

அண்ணன் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. [காரணம் இதுதான். வாசகருக்குப் போதுமா என்று தெரியவில்லை. எனக்குப் போதுமானதாக இருந்தது.]

4

போன வாரம் மான் அடிபட்டு ஓடியது. அண்ணன் இரண்டு நாள் தேடினார். அம்பு மட்டும் கிடைத்தது. முனையிலிருந்து மூன்று விரலளவுக்குத்தான் இரத்தம்.

“சரியான இடத்துலதான்டி பட்டுச்சு. ஏன் உள்ள இறங்கல?”

வரைவில் தங்கை இங்கே உடைந்து அழுகிறாள். அந்த வரியை அடித்துவிட்டேன். நான் அழவில்லை. “எலும்புல பட்டிருக்கும்,” என்றேன்.

மானின் பக்கமிருந்தும் ஒரு பகுதி எழுதினேன். ‘மூன்றாம் நாள் அதனால் தண்ணீர்வரை…’

முடிக்கவில்லை.

5

முடிவு ஒன்று: தங்கை உண்மையைச் சொல்கிறாள். அண்ணன் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு அவளோடு பேச்சை நிறுத்துகிறார்.

முடிவு இரண்டு: அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். [இப்படி முடித்தால் எனக்கு நிம்மதி. அதனாலேயே வேண்டாம்.]

முடிவு மூன்று: இந்தத் தாள்களை அவர் மேசையில் வைத்துவிடுகிறேன். என் கதைகளை முதலில் படிப்பவர் அவர்தான். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்துவார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் காட்டுக்குப் போகிறார். “எதுக்கும் இன்னொரு தடவை அளந்துடு. எம்மேலயே நம்பிக்கை போச்சு,” என்று கூப்பிட்டிருக்கிறார். இப்போது ஷெட்டில் நிற்கிறோம்.

இழுப்பவர் கண் இலக்கில் இருக்கும். அவருக்குக் கோடு தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

நான் விலகிக்கொள்கிறேன். படிக்கிற நீங்கள் வந்து நில்லுங்கள். வெளிச்சம் போதும். அவரால் நெடுநேரம் பிடித்திருக்க முடியாது.

“எவ்வளவு?”