திருவாதிரை வெடிக்கும் வரை

ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. பெண்பிள்ளைகளின் நட்சத்திரத்துக்கெல்லாம் இப்படி ஒரு குற்றப்பத்திரிகை எழுதி வைத்திருக்கிறார்கள். என்னுடைய திருவாதிரை மட்டும் யார் வம்புக்கும் போகாத நட்சத்திரம். அதனால்தான் வெம்பக்கோட்டை முனியராஜுக்கு என்னைப் பேசியபோது ஜாதகத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை. ஆவணியில் கல்யாணம் என்று பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அது 2009. ஆடி பாதி ஓடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏழாயிரம்பண்ணையில் எங்கள் வீட்டு வாசலில் நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். முனியராஜின் அம்மா முத்துப்பேச்சி வந்து நின்றாள். பின்னால் தலையைத் தொங்கப் போட்டபடி அவரும். ஆடியில் சம்பந்தி வீட்டார் வருகிறார்களே என்று அம்மா பதறிப்போய்க் காப்பி போட எழுந்தாள்.

"காப்பியெல்லாம் இருக்கட்டும் மதினி. கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வைப்போம்" என்றாள் அத்தை.

"எம்புட்டு நாளைக்கு?"

"பொன்மணி நட்சத்திரம் வெடிச்சு முடியட்டும். பொறகு வச்சுக்கிருவோம்."

பொன்மணி நான்தான். விஷயம் இதுதான். அத்தை வீட்டில் இருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். அதற்குப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். அதில் ஒன்றில் திருவாதிரை நட்சத்திரத்தைப் பற்றி ஒரு செய்தி. அது சுருங்கிக்கொண்டே வருகிறதாம், ஆயுசு முடியப்போகிறதாம், ஒருநாள் வெடிக்குமாம், வெடித்தால் பகலிலும் தெரியுமாம். இதை அவளுக்கு வாசித்துக் காட்டியது யார் தெரியுமா? நான் கட்டிக்கொள்ளப் போகிற மகராசன்தான். சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிற மனிதர். அச்சில் எதைக் கண்டாலும் வாய்விட்டு வாசிக்காமல் விடமாட்டார். வாசித்ததோடு நிறுத்தாமல், "யம்மா, இது பொன்மணி நட்சத்திரம்லா" என்றும் சொல்லி வைத்திருக்கிறார். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"பத்தவச்ச வெடி வெடிக்காம நிக்குதுன்னா கிட்டப் போவோமா மதினி? தள்ளித்தான நிப்போம்?" என்று அத்தை கேட்டாள்.

எங்கள் பக்கம் நடக்கப் பழகும் பிள்ளைக்கே தெரிந்த பாடம் இது. பெற்ற தாயே "அதுவும் சரிதான்" என்று தலையாட்டிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஈரப் பாவாடையை வாளிக்குள் எறிந்தேன்.

"அந்தப் பேப்பரக் கொண்டாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த துண்டை எடுத்து நீட்டினார். பிளஸ் டூ படித்தது எதற்கு? அங்கேயே நின்று கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

"நாளைக்கும் வெடிக்கலாம், லட்சம் வருசங் கழிச்சும் வெடிக்கலாம்னு போட்டிருக்கு அத்தை. லட்சம் வருசம் உங்க மகன் காத்துக் கெடப்பாரா?"

"மாட்டேன்" என்றார் அவர் அவசரமாக. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"இன்னுங் கேளுங்க. அங்கனருந்து வெளிச்சம் இங்கன வந்து சேரவே அறுநூறு வருசத்துக்கு மேல ஆகுமாம். நாம பாக்குறதெல்லாம் பழைய வெளிச்சம். அது எப்பவோ வெடிச்சு முடிஞ்சிருந்தாலும் நமக்குத் தெரியாது. அம்புட்டு தூரத்துல இருக்குறது நம்மள என்ன செய்யும்? இதுக்குப் போயி பயந்துக்கிட்டு வந்திருக்கீக!"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அது தூரத்துலதான் இருக்கு தாயி" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "நீ மருந்து அடைக்கிற ரூமு எம்புட்டு தூரத்துல இருக்கு?"

பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து அடைக்கிறவள் நான். அந்த மருந்து என் மடிக்கு நேராக, இரண்டு கைக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அத்தையின் வீட்டுக்காரர் அப்படி ஒரு அறைக்குள் போனவர்தான், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அத்தை எந்தக் கம்பெனி கேட்டையும் தாண்டியதில்லை. சம்பந்தம் பேசும்போதே எனக்கு இது தெரியும். தெரிந்தும் நின்று யோசித்ததில்லை.

"பூ வச்ச அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன். ஒங்க வீட்டுல என்ன நெனப்பாகளோன்னு முழுங்கிட்டேன். இவன் பேப்பர வாசிக்கவும், மேலயும் வெடி கீழயும் வெடின்னு நெஞ்சு பதறிருச்சு. இன்னொரு தடவ என்னால ஆசுபத்திரி வாசல்ல போயி நிக்க முடியாது தாயி."

என் நட்சத்திரம் அவள் மகனுக்கு ஆகாது என்று வந்திருக்கிறாள் என்றுதான் அதுவரை கொதித்துக்கொண்டிருந்தேன். அவள் பயந்தது என் உயிருக்கு. ஆறு வருஷமாக அந்த அறைக்குப் போகிறேன். அம்மா தினமும் திருநீறு பூசி அனுப்புவாள். போகாதே என்று சொல்ல எங்களுக்கு வசதி இருந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"லேபிள் ஒட்டுற பக்கம் மாறிக்கிடுதேன் அத்தை. ஆனா கூலி கொறையும்."

"கொறையட்டும். நான் ரெண்டு கட்டு சேத்து உருட்டுறேன்."

"அப்ப நான் பத்திரிகை அடிச்சிரட்டுமா?" என்று அவர் குறுக்கே புகுந்தார்.

"இன்னும் அடிக்கலையா?" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்தோம். அம்மா அதற்குப் பிறகுதான் நிம்மதியாகக் காப்பி போடப் போனாள்.

மறுநாள் கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் நேராகப் போர்மேனிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"சீசன் நேரத்துல, கை பழகுன ஆளு நீ, மருந்து ரூமு வேண்டாங்குற. அப்படி என்னத்தா வந்துச்சு?"

"மாமியா கொடும தாங்கலண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். கண் கலங்கிவிட்டது.