குளியலுக்கு விழுந்த ஓட்டு

என் வீட்டுக்காரர் ஏரோவுக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டாக வேண்டும்.

பள்ளிப் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று பெற்றோருக்குக் காட்டுகிற மென்பொருள் ஒன்றை அவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டிருந்தார். கனடாவில் எங்கள் ஊரான தண்டர் பேயிலிருந்து அமெரிக்காவின் டெக்சஸ் வரை ஏகப்பட்ட பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கொண்டன. வருஷா வருஷம் குளிர்காலத்துக்காகச் செய்வதுபோல நவம்பரில் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவைத்தோம் இல்லையா, அதன்பிறகு சில ஊர்களில் அது பேருந்து நேரத்தை ஒரு மணி முன்னதாகவே காட்டியது. பிள்ளைகள் குளிரில் நின்றார்கள்.

மானிடோபாவில் ஒரு சின்ன ஊரின் பள்ளிப் பேருந்துகளைக் கவனிக்கிற டெரில் ஃப்ரீசன் என்பவர் புதன்கிழமை அந்த மென்பொருளின் புகார்ப் பக்கத்தில், ஊரே பார்க்க, இப்படி எழுதினார்: "திங்கக்கிழமையே சொன்னேன். நேத்து நீங்க உங்க சவுனா ஆவிக்குளியல் அடுப்புல சூடு பார்க்க ஏதோ எழுதிட்டு இருந்திருக்கீங்க. அந்த விளையாட்டுக்கு நேரம் இருக்கு, எங்களுக்கு இல்லையா? உங்க நேரம் எங்க போகுதுன்னு எங்களுக்குத் தெரியணும்."

இப்படி மென்பொருள் எழுதிப் பொதுவில் போடுகிற இவர்கள் எந்த நாளில் எதை எழுதினாலும் அது அவரவர் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். அப்படி வைத்துக்கொள்வதுதான் இவர்கள் பழக்கம்.

"யாரு இந்த ஆளு? உனக்குச் சம்பளம் குடுக்கிறானா?" என்றேன்.

"கேக்கிறது நியாயம்தானே, நோரீன்" என்றார் ஏரோ.

அடுத்து அவர் செய்ததைக் கேளுங்கள். தன் வாரம் முழுவதையும் அதே பக்கத்தில் எழுதிப் போட்டார். பகலில் மர ஆலையில் வேலை, அம்மா வீட்டு வாசலில் பனி தள்ளுவது, சனிக்கிழமை மத்தியானம் ஏரிக்கரை வீட்டில் சவுனா. எதையும் பொதுவில் வைத்தால் நல்லதே நடக்கும் என்று நம்புகிற கூட்டம் இது. பொதுவில் வைத்தால் ஓட்டுப் போடுகிற கூட்டமும் இதுதான். "சவுனாவை ஒரு மணி நேரமா குறைக்கலாமே?" என்று ஒருவர். "பனியை மனைவி தள்ளலாமே?" என்று இன்னொருவர். டெரில் சவுனாவுக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டியிருந்தார்.

நான் குளிக்கிறதுக்கு ஓட்டுப் போட இவர்கள் யார்?

"இந்த வாரம் சவுனாவுக்கு நீ மட்டும் போயிட்டு வா" என்றார் ஏரோ.

வாரம் முழுக்க வாய் திறக்காத மனுஷன் அவர். சவுனாவில் கல் மேல் தண்ணீரை ஊற்றி, ஆவி எழும்பினால்தான் பேச்சே வரும். இந்தச் சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டால் அடுத்ததையும் பிடுங்குவார்கள். அப்புறம் எனக்கென்று என்ன மிச்சம்?

அவர் ஆலைக்குப் போனதும் கணினி முன் உட்கார்ந்து நானே எழுதினேன்: "நான் ஏரோவோட மனைவி நோரீன். டெரில், போன சனிக்கிழமை நீங்க என்ன பண்ணீங்க? கொஞ்சம் கணக்குச் சொல்லுங்க, நாங்களும் ஓட்டுப் போடுறோம்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "நாயைக் குளிப்பாட்டினேன். மத்தியானம் தூங்கினேன்." அதன் கீழேயே இன்னொன்று: "நீங்க கேட்டதும் சுருக்குனு கோவம் வந்துச்சு. அதைக் கேக்க நீ யாருன்னு எழுதக்கூட ஆரம்பிச்சுட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. இங்க பெத்தவங்க திட்டுறதெல்லாம் என் தலையிலதான் விழுது. அதைத் தூக்கி உங்க வீட்டு வாசல்ல கொட்டிட்டேன். மன்னிச்சுக்கங்க."

ஏரோ சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் படித்தார். தன் வாரக் கணக்கை அழித்தார். பிறகு எழுதினார்: "என் நேரத்துக்கு நான் கணக்குச் சொல்ல மாட்டேன். ஆனா தப்பு என்னோட புரோகிராம்லதான். இந்த வாரம் முடியாதுன்னு திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும். இப்போதைக்குக் கையால ஒரு மணி கூட்டி வைங்க, பிள்ளைங்க நிக்க வேணாம். கோளாறு எந்த இடத்துலன்னு கீழ காட்டியிருக்கேன்."

"நானே திருத்திப் பார்க்கட்டுமா? எனக்கு அரைகுறையாத்தான் தெரியும்" என்று கேட்டார் டெரில்.

"தாராளமா. திங்கக்கிழமை சேர்ந்து பார்ப்போம்."

சனிக்கிழமை நாங்கள் ஏரிக்கரைக்குக் கிளம்பும்போது டெரிலின் திருத்தம் வந்து சேர்ந்தது. "அவசரமே இல்ல. குளிச்சுட்டு வந்து பாருங்க" என்று ஒரு வரி.

ஏரோ கல் மேல் தண்ணீரை ஊற்றினார். டெரில் எந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறார், எந்த இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார், கடிகாரத்தை மாற்றாத ஊர்களை என்ன செய்வது என்று வாய் ஓயாமல் பேசினார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. இன்னொரு குவளைத் தண்ணீரை நானே எடுத்து ஊற்றினேன்.