சஹனில் ஒரு இடம்

"ஊரே கைவிட்டுத் திங்கிற சஹன்ல எம்புள்ளய உக்கார வச்சு, கழுத்துல கட்டிய வரவச்சுட்டியேடி!"

"நான் உக்கார வைக்கல மாமி. ஆசைப்பட்டு அவளே வந்து உக்காந்தா."

"தடுத்திருக்க வேணாமா? நெஞ்செல்லாம் வெசம்!"

அம்சத் பீவி வாயைத் திறந்தால் கம்பம் சந்தை வரைக்கும் கேட்கும். மருமகள் ஷாஜியா அன்று மாலையே உத்தமபாளையத்தில் தன் அத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். தெருப் பெண்கள் நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அவள் பஸ் ஏறும்வரை வாசலில் நின்று பார்த்தோம், ஒருத்தியும் போய்த் தடுக்கவில்லை.

அம்சத் பீவியின் மகள் சுமையாவுக்கு ரத்தப் புற்றுநோய். அண்ணன் ரியாசுதீனின் ஸ்டெம் செல்லை ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். "எம்மகன் குடுத்த உசுரு" என்று திராட்சை வண்டிக்காரனிடம்கூடச் சொல்லிவிட்டாள் தாய். வீடு திரும்பிய சில மாதத்தில் ஒரு கல்யாண விருந்து. எல்லாரும் ஒரே தாம்பாளத்தில் கூடிச் சாப்பிடும் சஹன். கொஞ்ச நாளில் கட்டி.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வேண்டுமே என்று நானே வேனில் ஏறிக்கொண்டேன். கதவோரம் நின்றால் எல்லாம் காதில் விழும்.

"தட்டு காரணமில்லம்மா," என்றார் டாக்டர். "பெரும்பாலானவங்க உடம்புல சின்ன வயசுலயே வந்து சும்மா கிடக்குற வைரஸ் இது. அண்ணன் செல் இவ உடம்பைத் தாக்கிறக் கூடாதுன்னு எதிர்ப்புச் சக்தியை மருந்தால அடக்கி வச்சோம். தடுக்க ஆளில்லாம வைரஸ் பெருகிருச்சு, அது புகுந்த செல்லுக பெருகித்தான் கட்டியாயிருச்சு. கட்டியில கொஞ்சம் எடுத்துச் சோதிச்சாச்சு, அதுல இருக்கிறது அண்ணனோட செல்தான்."

"எம்மகனுதா?"

ரியாசுதீன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "யார் தப்பும் இல்ல" என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

"தெருவுல சொல்லிறாதீக," என்றாள் அம்சத் பீவி. என்னிடம் போய்!

மருந்தைக் குறைத்து ஊசி போட்டதில் கட்டி கரைந்தது. அம்சத் பீவி உத்தமபாளையம் போனாள். துணைக்கு நான். மருமகளின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தாள்.

ஷாஜியா நிமிர்ந்தாள். "தெருவே கேக்கத் திட்டுனீக மாமி. மன்னிப்ப மட்டும் காதுக்குள்ள சொல்றீக."

சந்தை வரை கேட்கும் தொண்டைக்காரி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ரியாசுதீன் மனைவியோடு தேனிக்குக் குடிபோனான். இரண்டு வருடம் கழித்துச் சுமையாவைப் போடிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். விருந்தில் அம்சத் பீவி தன் சஹனில் ஒரு இடத்தைக் கையால் மறித்தே உட்கார்ந்திருந்தாள். மருமகளைக் கூப்பிட மட்டும் வாய் வரவில்லை. ஷாஜியா எங்கள் சஹனுக்கு வந்தாள். "இங்கன வா ஆத்தா" என்று நாங்கள் முண்டியடித்து நகர்ந்தோம், அன்று வாசலில் நின்றது நாங்கள் இல்லை என்பதுபோல. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்பே தேனிக்குக் கிளம்பிவிட்டாள்.