நெருக்கமான ஒருவரைப் பற்றி

...இல்லை, நாமாக முதலில் வணக்கம் சொல்ல வேண்டுமா, கேட்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா, பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள், அதற்குள் மறந்துவிட்டது, கைக்கடிகாரத்தைக்கூட வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள், வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன தடவையும் இந்த ஆங்கிலப் பேச்சுத் தேர்வில்தான் கோட்டைவிட்டான். கேட்பது, படிப்பது, எழுதுவது எல்லாம் கரையேறிவிட்டன, பேச்சில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்துவிட்டது... அந்த அரைக்கு அப்பால் வெளிநாட்டில் மனைவியும் மகளும், இப்பால் இவன். பேச்சு எங்கிருந்து வரும்? தமிழிலேயே நாள் முழுக்க இவன் பேசுவது மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க. எக்ஸ்ரே அறையில் அதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்? வீட்டுக்குப் போனால் அதுவும் இல்லை, ஃபிரிட்ஜ் முனகுவதோடு சரி.

எதிரே இருந்த தேர்வாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓர் அட்டையை நகர்த்தினார். உங்களுக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றிப் பேசுங்கள். அட, இவ்வளவுதானா, மனைவி இருக்கிறாளே... பேசினான், ஆச்சரியம், தடங்கலில்லாமல் வந்தது, அவள் மாடியில் சிரித்தால் கீழ் வார்டு வரை கேட்கும், தலைமை நர்ஸ் முறைப்பார், அதற்கும் சிரிப்பாள், குடையைத் தொலைத்துவிட்டு மழையைத் திட்டுவாள், சண்டை போட்டால் பாத்திரங்களிடம்தான் பேசுவாள்... இதையெல்லாம் கடைசியாக யாரிடம் சொன்னான்? யார் கேட்டார்கள்? இந்த அம்மாள் கேட்டார், கேட்பது அவர் வேலை, தெரியும், ஆனாலும் ஒரு மனித முகம் தலையாட்டிக் கேட்கிறதே, நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. முடித்ததும் அவர் குரல் தாழ்ந்தது. "ஐ ஆம் சாரி." எதற்கு? தப்பாக எதுவும்... பிறகுதான் உறைத்தது, அத்தனையையும் ஆங்கிலத்தில் இறந்தகாலத்தில் சொல்லியிருக்கிறான். ஐயோ, இல்லை மேடம், உயிரோடு இருக்கிறாள், வெளிநாட்டில், நர்ஸாக... என்று பதறினான். அவரும் பதறி, ஏதோ சமாதானம் சொல்லி, அடுத்த கேள்விக்குத் தாவினார்.

தெருவுக்கு வந்து கைப்பேசியை உயிர்ப்பித்ததும் அவளே அழைத்தாள்.

"எப்படிங்க போச்சு?"

"பரவால்ல. காலத்துலதான் கொஞ்சம் சொதப்பிட்டேன்."

"தினமும் நடக்கறத நிகழ்காலத்துல சொல்லணும்னு எத்தன தடவ சொன்னேன்!"

அங்கே பக்கத்தில் யாரோ ஏதோ சொன்னார்கள், அவள் சிரித்தாள், சின்னதாக, மூக்கால், இவன் கேட்டிராத சிரிப்பு.

"யாரும்மா அது?"

"கூட வேல பாக்குறவங்க. பஸ் வந்திருச்சு, அப்புறம் பேசறேன், சரியா?"

சரி, என்றான், அதற்குள் துண்டிக்கப்பட்டிருந்தது. மதிப்பெண் போனால் போகட்டும், வாக்கியத்தையாவது திருத்திவிடலாம் என்று நடந்துகொண்டே முயன்றான். என் மனைவி காலையில்... காலையில் என்ன சாப்பிடுகிறாள்? என் மனைவி வேலை முடிந்து யாரோடு... இன்னமும் குடையைத் தொலைக்கிறாளா, இல்லை அங்கே போய்த் திருந்திவிட்டாளா? கோபம் வந்தால் இப்போது எதனோடு பேசுகிறாள்? எழுவாய் இருந்தது, இலக்கணம் இருந்தது. என் மனைவி, என் மனைவி, என்று உதடு முணுமுணுத்தது. அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவனுக்குத் தமிழிலேயே தெரியவில்லை.